அஞ்சல் ஒன்றியம் முதல் அணுசக்தி முகமை வரை: நாடுகளுக்கு இந்த அமைப்புகள் எதற்கு?

வடகரை

போட்டித் தேர்வுப் புத்தகங்களில் சர்வதேச அமைப்புகள் பற்றிய பாடம் "அமைதி, ஒத்துழைப்பு, வளர்ச்சி" என்று மூன்று சொல்லில் முடிந்துவிடுகிறது. எனக்குப் புரியாத இடம் வேறு. இரண்டு நாடுகள் நினைத்தால் நேரடியாக ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் ஒரு அலுவலகம், ஊழியர்கள், ஆண்டுச் சந்தா, மாநாடு, வாக்கெடுப்பு எல்லாம் எதற்கு? பலமுள்ள நாடு தன் கையைத் தானே ஏன் கட்டிக்கொள்கிறது?

தத்துவம் வேண்டாம். ஏதாவது ஒரு அமைப்பை எடுத்துக்கொண்டு, அது வருவதற்கு முன் என்ன சிக்கல் இருந்தது, வந்தபின் எது மாறியது, எங்கே உடைந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தபால்மூட்டை

உலக அஞ்சல் ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளலாம். அதில் அரசியல் குறைவு, கணக்கு அதிகம். அதனால் காரணம் மறைவில்லாமல் தெரியும்.

1874க்கு முன் வெளிநாட்டுக் கடிதம் என்றால் வழியிலுள்ள ஒவ்வொரு நாட்டோடும் தனிக் கணக்கு. அனுப்பும் நாட்டுக்கு ஒரு பங்கு, இடையில் கடக்கும் நாட்டுக்கு ஒரு பங்கு, கப்பலுக்கு ஒரு பங்கு, பட்டுவாடா செய்யும் நாட்டுக்கு ஒரு பங்கு. எடை அளவும் ஒன்றாக இல்லை. பிரிட்டனில் அவுன்ஸ், பிரான்சில் கிராம், ஜெர்மன் பகுதிகளில் லோட். எந்தக் கப்பலில், எந்த வழியில் போகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஊருக்கே விலை மாறும். எல்லைத் தபால் நிலையத்தில் ஒவ்வொரு கடிதமாக எடுத்து யாருக்கு எவ்வளவு என்று குறித்தாக வேண்டும். கடிதம் சுமக்கும் செலவோடு இந்தக் குறிப்பெழுதும் செலவும் சேர்ந்துகொண்டது.

1863இல் அமெரிக்கத் தபால் துறைத் தலைவர் மான்ட்கோமரி பிளேர் எடுத்த முயற்சியில் பாரிசில் 15 நாடுகள் கூடின. பொதுக் கொள்கைகளை ஏற்றுக்கொண்டன. ஆனால் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமும் இல்லை, நடத்திவைக்க ஆளும் இல்லை. அவரவர் ஊர் திரும்பியதும் மறுபடி இருதரப்புப் பேச்சுதான். வடகரை, "ஒப்பந்தம் போதாதா" என்ற கேள்விக்கு முதல் பதில் இந்தப் பதினோரு ஆண்டுகளில் இருக்கிறது: கொள்கையில் உடன்பாடு இருந்தும் நிலைமை மாறவில்லை.

22 நாடுகள் கூடிப் பேசிய ஒப்பந்தம் 1874 அக்டோபர் 9 அன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தானது. முன்னின்று நடத்தியவர் ஜெர்மன் தபால் துறையின் ஹைன்ரிக் ஃபான் ஸ்டெஃபான். முக்கியமான ஏற்பாடுகள் இவை. உறுப்பு நாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே அஞ்சல் நிலப்பரப்பு. 15 கிராம் கடிதத்துக்குப் பொது விலை 25 சென்டிம், அதாவது கால் பிராங்க். நாணய வசதிக்காக 20 முதல் 32 வரை வைத்துக்கொள்ளலாம். தபால்தலை விற்ற பணம் முழுவதும் விற்ற நாட்டுக்கே. கடிதம் போனால் பதில் வரும், ஆகவே இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமன் என்ற அனுமானத்தில் பங்கு பிரிக்கும் வேலையையே எடுத்துவிட்டார்கள். இடைநாட்டுக்கு மட்டும் மொத்த எடைக்குக் கட்டணம்: தரைவழியில் கடிதங்களுக்குக் கிலோவுக்கு 2 பிராங்க், 750 கிலோமீட்டருக்கு மேல் 4 பிராங்க்.

22 நாடுகள் இரண்டிரண்டாக ஒப்பந்தம் போட்டால் 231 ஒப்பந்தம். இன்றைய 192 உறுப்பினருக்கு 18,336. ஒரு விதியை மாற்றினால் அத்தனையையும் திருத்த வேண்டும்.

கறார்

கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் லாபம் என்றால் பிரான்ஸ் ஏன் பெர்னில் உடனே கையெழுத்துப் போடவில்லை? இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போகும் தபால் அதன் நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அந்த வருமானம் போகுமே என்றுதான் தயங்கியது. இந்த அமைப்புகள் எல்லோருக்கும் நல்லது செய்ய வருவதில்லை. யாரோ ஒருவருடைய சாதகமான இருப்பிடத்தை மற்றவர்கள் சேர்ந்து பறிக்கும் ஏற்பாடு இது.

தபால்மூட்டை

சரியாகப் பிடித்தீர்கள். பிரான்ஸ் 1875 மே மாதம்தான் கையெழுத்திட்டது, 1876 தொடக்கத்தில் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவும் 1876இல் உள்ளே வந்தது.

ஆனால் பிரான்ஸ் ஏன் கடைசியில் சேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சுற்றியுள்ளவர்கள் எல்லாம் ஒன்றியத்துக்குள் போனபின் வெளியே நிற்பவருக்கு இருதரப்புப் பேரத்தில் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். இடைநாட்டுக் கட்டணம் குறைந்தாலும் எடை கணக்கில் உறுதியாக வரும். அதை யார் வாங்குவது, தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்பதும் 1874 ஒப்பந்தத்திலேயே இருந்தது: தகராறில் சம்பந்தமில்லாத ஒரு நாட்டின் தபால் துறையை ஒவ்வொரு தரப்பும் நடுவராகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் இரண்டாகப் பிரிந்தால் மூன்றாவது ஒரு துறை முடிவு சொல்லும்.

பெர்னில் வைத்த நிரந்தர அலுவலகம் எதற்கு என்ற கேள்வியும் இங்கே வருகிறது. திருத்தம் கோரும் முன்மொழிவுகளை எல்லா நாட்டுக்கும் சுற்றுக்கு விடுவது, கேட்ட நாடுகளுக்கிடையே நிலுவைகளைத் தீர்த்து வைப்பது, புள்ளிவிவரம் சேர்ப்பது, தகராறில் கருத்துச் சொல்வது. ஒன்றும் பெரிய அதிகாரமில்லை. ஆனால் இவற்றில் எதையும் ஒரு உறுப்பு நாடு செய்தால் மற்றவர் ஏற்க மாட்டார்கள். பிரான்ஸ் போட்ட கணக்கை ஜெர்மனி நம்பியிருக்குமா? 1871இல் அவர்களுக்கிடையே போர் முடிந்து மூன்றே ஆண்டுகள்.

தராசு

பதில் கடிதம் வரும் என்ற அனுமானம் எப்படி உடைந்தது என்பதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிதான்.

கடிதத்துக்குப் பதில் வரும். பத்திரிகைக்கும் விலைப்பட்டியலுக்கும் பொருள் பொட்டலத்துக்கும் வராது. அதிகம் அனுப்பும் நாடு தபால்தலைப் பணத்தை வைத்துக்கொள்ளும், அதிகம் வாங்கும் நாடு இலவசமாகப் பட்டுவாடா செய்யும். இதைச் சரிக்கட்ட 1969 டோக்கியோ மாநாட்டில் டெர்மினல் டியூஸ் கொண்டுவந்தார்கள். பட்டுவாடா செய்யும் நாட்டுக்கு அனுப்பும் நாடு தரும் ஈடு அது. 1971 முதல் அமல்.

முதல் வடிவத்தில் கிலோவுக்கு ஒரே விலை. அதில் பெரிய ஓட்டை. ஒரு கிலோவில் 60 கடிதம் இருந்தால் 60 வீட்டு வாசலுக்குப் போக வேண்டும், 5 பொட்டலம் இருந்தால் 5 வாசல். பணம் ஒன்றுதான். எங்கே விலை மலிவோ அந்த நாட்டுக்கு மூட்டையாகக் கொண்டுபோய் அங்கிருந்து தபாலில் போடும் ரீமெயில் வியாபாரமே இதில் கிளம்பியது. சில நிறுவனங்கள் உள்நாட்டுக் கடிதத்தையே வெளிநாட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்ப அனுப்பின. பிறகுதான் "உருப்படிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு" என்று இரண்டாகப் பிரித்தார்கள். இப்போது அதற்கும் மேல் வடிவப் பிரிப்பு உண்டு: பி என்றால் சிறு கடிதம், ஜி என்றால் பெரிய கடிதம், இ என்றால் 2 கிலோ வரையான சிறு பொட்டலம். கணக்கெல்லாம் எஸ்டிஆர் அலகில், அதாவது சர்வதேச நாணய நிதியம் பல நாணயங்களைச் சேர்த்து மதிப்பிடும் பொதுக் கணக்கு அலகில்.

நாடுகளை வளர்ச்சி அளவு பார்த்துக் குழுக்களாகப் பிரித்து, வளரும் நாடுகளுக்குக் குறைந்த கட்டணம் வைத்தார்கள். கடிதக் காலத்தில் இது யாருக்கும் பெரிய இழப்பில்லை. மின்வணிகம் வந்து சீனாவிலிருந்து கோடிக்கணக்கில் சிறு பொட்டலம் கிளம்பியதும் அதே சலுகை வேறு முகம் காட்டியது. அமெரிக்காவுக்குள்ளேயே ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்புவதைவிட சீனாவிலிருந்து அனுப்புவது மலிவாகிவிட்டது.

2018 அக்டோபர் 17 அன்று அமெரிக்கா விலகல் அறிவிப்புக் கொடுத்தது. ஒன்றியத்தின் சாசனப்படி அறிவித்து ஓராண்டு கழித்துத்தான் விலகல் அமலாகும். அந்த ஓராண்டுக்குள், 2019 செப்டம்பர் 24, 25 தேதிகளில் ஜெனீவாவில் சிறப்பு மாநாடு கூட்டி முடித்தார்கள். ஆண்டுக்கு 75,000 டன்னுக்கு மேல் கடித வகைத் தபால் பெறும் நாடு 2020 ஜூலை 1 முதல் பொட்டலங்களுக்குத் தன் கட்டணத்தைத் தானே அறிவிக்கலாம் என்று முடிவு. உச்ச வரம்பு, தன் உள்நாட்டுக் கட்டணத்தில் 70 சதவீதம். மற்ற நாடுகளுக்கு 2021 முதல் படிப்படியாக. 75,000 டன் என்ற வாசலைத் தாண்டிய நாடு அமெரிக்கா ஒன்றுதான்.

கறார்

நான் சொல்ல வந்ததை நீங்களே முடித்துவிட்டீர்கள் தராசு. ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்று இத்தனை ஆண்டு தோற்ற நாடு, வெளியே போகிறேன் என்றதும் ஓராண்டில் வேண்டியதை வாங்கிக்கொண்டது. அதன் அளவுக்கே தைத்த விதி. அப்புறம் எதற்கு அமைப்பு?

தராசு

வாங்கியதைச் சொன்னீர்கள், கொடுத்ததையும் பாருங்கள். ஐந்தாண்டுகளில் 4 கோடி சுவிஸ் பிராங்க் ஒன்றியத்துக்குத் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. கட்டணத்துக்கு 70 சதவீத வரம்பை ஏற்றது. உடனே வேண்டும் என்று கேட்டவர்கள் 2020 ஜூலை வரை காத்திருந்தார்கள்.

அதைவிட முக்கியம், ஏன் வெளியே போகவில்லை என்பது. போயிருந்தால் நூற்றுத் தொண்ணூறு நாடுகளோடு தனித்தனியாகக் கட்டணம், சுங்கத் தரவு, தொலைந்த பொருளுக்கு இழப்பீடு, கணக்குத் தீர்வு எல்லாவற்றையும் பேச வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினரின் வாக்குச்சீட்டு எப்படி வரும் என்ற கவலையைத் தேர்தல் அதிகாரிகளே எழுப்பினார்கள். வெளிநாட்டுக்குப் பொருள் விற்கும் சிறு அமெரிக்க வியாபாரிகளும் பயந்தார்கள். பலமுள்ள நாடு விதியை வளைக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுகூட வாசலில் நின்று மிரட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்துதான் வளைத்தது. வெளியே அதற்கு மாற்று இல்லை.

பட்டறை

கட்டணச் சண்டைக்கு நடுவில் ஒரு சின்ன விஷயம். இந்த அமைப்பின் உண்மையான பலம் எனக்குப் பார்கோடில்தான் தெரிகிறது.

பதிவுத் தபாலின் 13 இலக்க எண்ணைப் பாருங்கள். எஸ்10 என்ற தரம் அது. முதலில் சேவையைக் குறிக்கும் இரண்டு எழுத்து, பின் 8 இலக்க வரிசை எண், ஒரு சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. இந்தியாவுக்கு ஐஎன். சரிபார்ப்பு இலக்கம் இப்படி வரும்: எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 11ஆல் வகுத்து மீதியை 11இலிருந்து கழியுங்கள். விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5.

47312482 என்ற எண்ணுக்கு: 32, 42, 12, 2, 6, 20, 72, 14. கூட்டினால் 200. 11ஆல் வகுத்தால் மீதி 2. ஆக இலக்கம் 9, முழு எண் 473124829. இரண்டு இலக்கம் இடம் மாறினாலோ ஒன்று தவறாகத் தட்டினாலோ சேருமிடத்துக் கணினி பெரும்பாலும் உடனே மறுத்துவிடும்.

மதுரையில் ஒட்டிய சீட்டை ஒசாகாவில் இருக்கும் இயந்திரம் படிக்க, இந்தியாவும் ஜப்பானும் இதற்கென்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சுங்கச் சீட்டும் அப்படியே. 300 எஸ்டிஆர் மதிப்பு வரை சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23. தொலைந்தால் விசாரணைக்கு சிஎன் 08. இவற்றைத் தனித்தனியாகப் பேசி எழுதியிருந்தால் தபால் நிலைய அலமாரியில் நாட்டுக்கு ஒரு படிவம் இருந்திருக்கும்.

வடகரை

பட்டறை, நன்றி. அப்படியானால் 2025 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் பொட்டலம் அனுப்புவது ஏன் நின்றது? படிவம், பார்கோடு, 192 நாடு எல்லாம் இருந்துமா?

தபால்மூட்டை

ஏனென்றால் உடைந்த இடம் தபால் அல்ல, சுங்கம். 800 டாலர் வரையான பொருள் வரியில்லாமல் நுழையலாம் என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்தியது. இறக்குமதி வரியை அனுப்பும் பக்கத்திலேயே வசூலித்து, அமெரிக்கச் சுங்கத்துறை ஏற்ற இடைத்தரகர் மூலமோ விமான நிறுவனம் மூலமோ செலுத்த வேண்டும் என்றது. உத்தரவு ஜூலை 30 தேதியிட்டது. அந்த ஒரு மாதத்தில் பெரும்பாலான தபால் துறைகளிடம் வேறொரு நாட்டுக்காக வரி வசூலித்துக் கட்டும் மென்பொருளோ கணக்கு வழியோ இல்லை. விமான நிறுவனங்களும் பொறுப்பேற்க மறுத்தன. 88 நாட்டு அஞ்சல் நிறுவனங்கள் முழுவதுமாகவோ ஓரளவோ சேவையை நிறுத்தின. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையான பரிசுப் பொருள் தவிர மற்றதை நிறுத்தி, அக்டோபர் 15 முதல் மறுபடி தொடங்கியது. இப்போது வரியைக் கட்டணத்தோடு முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள்.

ஒரு இறையாண்மை நாடு தன் சுங்கச் சட்டத்தை மாற்றுவதைத் தடுக்க ஒன்றியத்துக்கு அதிகாரமில்லை. யாரும் அதைக் கொடுக்கவும் இல்லை. ஆனால் வரியைக் கணக்கிட்டு முன்கூட்டியே வசூலிக்கும் வசதியைத் தன் சுங்கத் தரவு அமைப்போடு இணைத்து எல்லா உறுப்பினருக்கும் பொதுவாகத் திறந்தது. சொந்தமாக மென்பொருள் எழுத வசதியில்லாத சிறிய நாடுகளுக்கு அதுதான் வழி.

நங்கூரம்

கப்பல் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். விதி போடுவதைவிட விதியை மாற்றும் முறைதான் ஒரு அமைப்பின் உயிர். இதை சர்வதேச கடல்சார் அமைப்பு கஷ்டப்பட்டுக் கற்றது.

கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் ஒப்பந்தத்தின் 1960 வடிவத்தில், திருத்தம் அமலாக வேண்டுமென்றால் உறுப்பு நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கு தனித்தனியாக ஏற்பு எழுதித் தர வேண்டும். 1966க்கும் 1973க்கும் இடையே ஆறு தொகுதித் திருத்தம் நிறைவேற்றினார்கள். ஒன்றுகூட அமலாகவில்லை. யாரும் எதிர்க்கவில்லை என்பதுதான் வேதனை. நாடாளுமன்றங்களில் வரிசையில் கிடந்தன, அவ்வளவுதான்.

1974 வடிவத்தில் தலைகீழாக்கினார்கள். கடல் பாதுகாப்புக் குழு மூன்றில் இரண்டு பெரும்பான்மையில் தொழில்நுட்பத் திருத்தத்தை நிறைவேற்றி ஒரு தேதி குறிக்கும். அந்தத் தேதிக்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நாடுகளோ, உலகக் கப்பல்களின் டன்னேஜில் (மொத்தக் கொள்ளளவில்) பாதி வைத்திருக்கும் நாடுகளோ மறுப்பு எழுதாவிட்டால் எல்லோரும் ஏற்றதாகக் கொள்ளப்படும். மௌனம் சம்மதம்.

பலன் நன்றாகத் தெரிந்தது. கப்பல், துறைமுகப் பாதுகாப்புக்கான ஐஎஸ்பிஎஸ் விதிகள் 2002 டிசம்பரில் நிறைவேறி 2004 ஜூலை 1இல் உலகம் முழுவதும் அமலாகின. தூத்துக்குடி, சென்னை ஏற்றுமதியாளர்களுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் கன்டெய்னர் எடைச் சான்று, விஜிஎம். 2014 நவம்பரில் நிறைவேற்றம், 2016 ஜூலை 1 முதல் கட்டாயம். சரக்கேற்றி மூடிய பெட்டியை அப்படியே எடை மேடையில் ஏற்றுவது ஒரு வழி. உள்ளே போகும் ஒவ்வொரு சரக்கு, தட்டு, சரக்கைக் கட்டி நிறுத்தும் பொருள் எடையையும் கூட்டிப் பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் வெற்று எடையைச் சேர்ப்பது இன்னொரு வழி. சான்று இல்லாத பெட்டியைக் கப்பலில் ஏற்றக் கூடாது. தவறான எடையால் அடுக்கு சரிந்து பெட்டிகள் கடலில் விழுவதும், கப்பலின் சமநிலைக் கணக்கு பிசகுவதும்தான் இதற்குக் காரணம்.

இந்த விதியை ஒரு துறைமுகம் மட்டும் போட்டிருந்தால் சரக்கு பக்கத்துத் துறைமுகத்துக்குப் போயிருக்கும். எல்லோரும் ஒரே நாளில் போட்டால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒரே நாளைக் குறிக்கத்தான் அமைப்பு வேண்டும்.

கறார்

2025 அக்டோபர் 17இல் அதே கடல்சார் அமைப்பில் கப்பல் புகைக்கு விலை வைக்கும் திட்டம் என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள் நங்கூரம்.

நங்கூரம்

ஓராண்டு தள்ளிவைத்தார்கள். தள்ளிவைக்க ஆதரவாக 57, எதிராக 49. திட்டத்தை ஆதரிக்கும் நாடுகள் மீது விசா கட்டுப்பாடு, துறைமுகக் கட்டணம், வரி என்று அமெரிக்கா வெளிப்படையாக மிரட்டியது. அதில் எனக்கும் கோபம்தான்.

ஆனால் சண்டை எந்தக் கட்டத்தில் நடந்தது என்று கவனியுங்கள். நிறைவேறிவிட்டால் பிறகு மௌனமே ஏற்பாகிவிடும். மறுக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்கு நாடுகளையோ டன்னேஜில் பாதி வைத்திருக்கும் நாடுகளையோ திரட்ட வேண்டும். அதனால்தான் வாக்கெடுப்புக்கு முன்பே அத்தனை பலமும் பிரயோகிக்கப்பட்டது. நடைமுறைக்குப் பல் இல்லாவிட்டால் இவ்வளவு மெனக்கெட்டிருக்க மாட்டார்கள்.

அளவுகோல்

இதுவரை வந்ததெல்லாம் எல்லோரும் ஒரே மாதிரி செய்தால் எல்லோருக்கும் நல்லது என்ற வகை. ஒருவரை ஒருவர் சந்தேகப்படும் இடத்தில்தான் அமைப்பின் அவசியம் இன்னும் கூர்மையாகத் தெரியும்.

சர்வதேச அணுசக்தி முகமை, 1957. அணு உலை விற்கும் நாடு, எரிபொருள் குண்டாகாது என்று உறுதி கேட்கும். வாங்கும் நாடு, விற்றவனே வந்து என் உலைக்குள் துழாவக் கூடாது என்னும். வியன்னாவிலிருந்து வரும் மூன்றாவது ஆள் இரண்டு பேருக்கும் பொறுக்கக்கூடியவர். அவர் யாரென்பதிலும் நாடுகளுக்குப் பிடி உண்டு: முகமை முன்மொழியும் ஆய்வாளரை ஏற்கவோ மறுக்கவோ அந்த நாட்டுக்கு உரிமை இருக்கிறது.

அவர் செய்வது பெரும்பாலும் சரக்கு இருப்புக் கணக்கு. அளவுகோல் இதுதான்: புளூட்டோனியம் 8 கிலோ, செறிவு 20 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள யுரேனியத்தில் யு-235 (குண்டுக்கு உதவும் யுரேனிய வகை) அளவு 25 கிலோ, அதற்குக் குறைந்த செறிவில் 75 கிலோ. இவ்வளவு காணாமல் போனால் ஒரு குண்டு செய்யும் வாய்ப்பை ஒதுக்க முடியாது என்று வைத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கும் இலக்கு உண்டு. உலையில் எரியாத புளூட்டோனியம், உயர்செறிவு யுரேனியம் என்றால் ஒரு மாதம். எரிந்த எரிபொருளில் இருப்பது என்றால் மூன்று மாதம். குறைசெறிவு யுரேனியம் என்றால் ஓராண்டு. முத்திரை, கேமரா, எரிபொருள் கட்டுகளை எண்ணுவது, மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது இவைதான் கருவிகள்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே இதன் எல்லையைப் பார்க்கலாம். கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகள் முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன. கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலைய உலைகளும் வேக ஈனுலையும் இல்லை. 2006இல் இந்தியா குடிமை உலைகளையும் மற்றவற்றையும் பிரித்தபோது குடிமைப் பட்டியலில் வைத்த 14இல் கல்பாக்கம் வரவில்லை. எதை யாருக்குக் காட்டுவது என்று இந்தியாவே கோடு கிழித்தது. 2009இல் முகமையோடு ஒப்பந்தம் போட்டது. கையைக் கட்டிக்கொள்ளும் நாடு எந்த விரலைக் கட்டுவது என்பதையும் பேசித்தான் கட்டிக்கொள்கிறது.

வடகரை

முகமை எதையாவது உண்மையில் பிடித்திருக்கிறதா?

அளவுகோல்

1992, வட கொரியா. எரிபொருளிலிருந்து ஒரே ஒரு தடவை, 1990இல், சுமார் 90 கிராம் புளூட்டோனியம் பிரித்தோம் என்று அறிக்கை கொடுத்தார்கள். முகமை எடுத்த மாதிரிகளின் ஆய்வு வேறு சொன்னது. புளூட்டோனியம்-241 காலப்போக்கில் அமெரிசியம்-241 ஆக மாறும். இரண்டின் விகிதம் பார்த்தால் எப்போது பிரித்தார்கள் என்ற தேதி கிடைக்கும். 1989, 1990, 1991 என்று மூன்று தடவை நடந்திருப்பது தெரிந்தது. 1993 பிப்ரவரியில் அறிவிக்கப்படாத இரண்டு இடங்களுக்குச் சிறப்பு ஆய்வு கேட்டது முகமை. மார்ச் 12 அன்று வட கொரியா அணுப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.

பிடித்தது, தடுக்க முடியவில்லை. ஆனால் அதே குற்றச்சாட்டை வாஷிங்டன் மட்டும் சொல்லியிருந்தால் பாதி உலகம் நம்பியிருக்காது.

முகமையின் கருவிக்கும் எல்லை உண்டு. எரிந்த எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் ஜப்பானின் ரொக்காஷோ மறுபதப்படுத்தும் ஆலை ஆண்டுக்கு 800 டன் எரிபொருள் கையாளும்படி கட்டப்பட்டது. அதில் வரும் புளூட்டோனியம் ஏறக்குறைய 8 டன். அளவீட்டில் ஒரு சதவீதம் பிசகினால் 80 கிலோ, அதாவது பத்துக் குண்டுக்கான அளவு. யாரும் திருடாமலேயே கணக்கில் அவ்வளவு மங்கல். ஆகவே இருப்புக் கணக்கை மட்டும் நம்பாமல் ஆலையின் வடிவமைப்பையே சரிபார்த்துக் குழாய்களுக்குள் அளவுக்கருவி வைக்க வேண்டியதாயிற்று.

கறார்

கண்டுபிடிப்பதோடு நிற்கும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள். சிரியாவையும் சொல்லிவிடுங்கள்.

அளவுகோல்

சிரியா உங்கள் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் சாட்சி. 2013இல் அமெரிக்கா குண்டு போடத் தயாரானது, ரஷ்யா எதிர்த்தது. இருவருக்கும் பின்வாங்க வழி கொடுத்தது ரசாயன ஆயுதத் தடை அமைப்பு. சிரியா அறிவித்த சுமார் 1,300 டன் ரசாயனத்தில் கடைசித் தொகுதி 2014 ஜூன் 23இல் லடாக்கியா துறைமுகத்தை விட்டுப் போனது. எந்த நாடும் தன் மண்ணில் அழிக்க இடம் தராததால், மிக ஆபத்தான சுமார் 600 டன்னை கேப் ரே என்ற அமெரிக்கக் கப்பலில் நடுக்கடலிலேயே சுடுநீரும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்த்துச் சிதைத்தார்கள். சாட்சியாக அமைப்பின் ஆய்வாளர்கள். அமெரிக்கா தனியாகச் செய்திருந்தால் ரஷ்யா நம்பியிராது, ரஷ்யா செய்திருந்தால் அமெரிக்கா நம்பியிராது.

பிறகு தெரிந்தது, அறிவித்தது முழுமையல்ல என்று. 2017 ஏப்ரல் 4 கான் ஷேக்கூன் தாக்குதலுக்குப் பின், யார் செய்தது என்று சொல்லும் ஐ.நா. கூட்டு விசாரணைக் குழுவின் காலநீட்டிப்பை ரஷ்யா வீட்டோவால் நிறுத்தியது. உறுப்பு நாடுகள் சும்மா இருக்கவில்லை. 2018 ஜூனில், வீட்டோ இல்லாத ரசாயன ஆயுத அமைப்பின் மாநாட்டில் 82க்கு 24 என்ற வாக்கில், குற்றவாளியைப் பெயர் சொல்லும் அதிகாரத்தை அந்த அமைப்புக்கே கொடுத்தன. 2021 ஏப்ரலில் சிரியாவின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. ஒரு கதவு அடைத்தால் நாடுகள் இன்னொரு அமைப்பின் கதவைத் திறக்கின்றன. பல அமைப்புகள் ஒரே வேலையைத் தொட்டுக்கொண்டிருப்பது வீண்செலவு என்பவர்கள் இந்த வாக்கெடுப்பைப் பார்க்கட்டும்.

பட்டறை

சந்தா பற்றி வடகரை முதலில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. யார் கட்டுகிறார்கள் என்பதைப் பார்த்தால் அமைப்பு எவ்வளவு சுதந்திரமானது என்பது தெரிந்துவிடும்.

அஞ்சல் ஒன்றியத்தில் நாடே தன் வகுப்பைத் தேர்ந்தெடுக்கும். உச்சம் 50 அலகு, மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு அரை அலகு. கடல்சார் அமைப்பில் பெரும்பகுதி கப்பல் டன்னேஜ் கணக்கு. அதனால் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவை பல பெரிய பொருளாதாரங்களைவிட அதிகம் கட்டுகின்றன, பேச்சிலும் அந்த எடை தெரியும். அணுசக்தி முகமை ஐ.நா. விகிதத்தை ஒட்டிப் போகிறது.

நோகும் இடம் உலக சுகாதார அமைப்பு. 2022 வாக்கில் கட்டாயச் சந்தா அதன் வரவுசெலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருந்தது. மற்றதெல்லாம் தாமாகத் தரும் பணம், அதிலும் பெரும்பகுதி "இந்த நோய்க்கு மட்டும், இந்த நாட்டில் மட்டும்" என்று குறித்துத் தருவது. போலியோவுக்குப் பணம் இருக்கும், அவசரகாலத்துக்கு இருக்காது. 2022இல் கட்டாயச் சந்தாவை அடிப்படை வரவுசெலவில் பாதியாகப் படிப்படியாக உயர்த்த உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. 2025 மே மாதம் அடுத்த 20 சதவீத உயர்வுக்கும் இசைந்தன, அமெரிக்கா விலகல் அறிவித்திருந்த அந்த நேரத்திலும்.